எட்டாவது நிமிடம்

முதல் தட்டு கல்லாகிவிட்டது.
மேசையில் தட்டினால் ‘டக்’ என்கிறது குக்கீ.
ஓரெஸ்டின் தாடை உடைந்தபோதும்
பனித்தளத்தில் இதே சத்தம்தான்.

முழங்கை என்னுடையது.
யார்க்டன் முழுக்கத் தெரியும்.
நடுவர் கொடுத்தது ஐந்து நிமிடம்,
மருத்துவர் கொடுத்தது ஐந்து வாரம்.

நேற்று கம்பியை எடுத்தார்களாம்.
‘மெத்தென்று எதுவானாலும் தின்னலாம்’ என்று
பெட்ரோல் பங்கில் டார்கா சொன்னாள்.
என்னிடமில்லை,
கல்லாவில் இருந்தவளிடம்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள்.
மறுபடி வெண்ணெய், கறுத்த வெல்லப்பாகு,
இஞ்சி, லவங்கம்.
நடு வேகாதது போலிருக்கும்போதே
எடுத்துவிடச் சொல்கிறது டின்னின் முதுகு.
எட்டே நிமிடம்.
எதையும் பாதியில் விடத் தெரியாதவன் நான்.
அன்றைக்கும் அதுதான் வினை.

எடுத்துவிட்டேன்.
தொய்ந்து கிடந்தன நட்சத்திரங்கள்.
மான்கள் கொம்பு உருகிக்
கழுதைகளாகியிருந்தன.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வழியில் இறுகிவிடக் கூடாதென்று
டப்பாவைக் கோட்டுக்குள்
வயிற்றோடு அணைத்து
நாலு வீடு தள்ளி நடந்தேன்.

கதவைத் திறந்தவன்
டப்பாவைத்தான் பார்த்தான்.
ஒரு கழுதையை எடுத்துக்
கட்டைவிரலால் அமுக்கினான்.
குழி விழுந்து
அப்படியே நின்றது.
வாயில் போட்டான். பல் படாமல்,
நாக்காலேயே,
வெகுநேரம்.

‘உப்பு கம்மி’ என்றான்
தாடை அசையாமல்.

வீட்டுச் சூடெல்லாம்
என்னைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.
கதவை அவன்
சாத்தவில்லை.