பட்டிக்கதவுக்கு முட்டுக்கல்

அர்ஹெமீரோவின் ஆட்டுப்பட்டிக் கதவை
ஒன்பது வருடம்
திறந்துகொள்ளாமல் பிடித்து நின்றது
ஒரு மத்தாமத்தா ஆமை.

அவருக்கு அது தெரியாது.
உள்ளங்கை அகலம், நடுவில் ஒரு திமில்,
மேலெல்லாம் அம்மைத் தழும்பு.
நல்ல கனமான கல்.

தத்தாகோவாவில் சிவந்த மண் உண்டு,
சாம்பல் மண் உண்டு,
கள்ளிப்பழ மிட்டாய் விற்கும் இரண்டு குடிசை உண்டு.
நட்சத்திரம் பார்க்க இரவில் பேருந்துகள் வரும்.
மக்தலேனா ஆறு அப்பால் ஒரு பள்ளத்தில்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி போல
போய்க்கொண்டிருக்கும்.

தண்ணீர் கேட்கப் போன நான்
கதவருகே உட்கார்ந்துவிட்டேன்.
ஆடுகள் வெளியே.
கல் என் மடியில்.

எங்கள் அருங்காட்சியகம் இரண்டு அறை, ஒரு மின்விசிறி.
பென்சிலால் சீட்டு எழுதினேன்.
முதல் வரி: ஆமை.
அதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.
அடுத்தது: கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துக்கொள்ளும் கூட்டம்.
அடுத்தது: பேரினம், கேலுஸ்.
சிற்றினம் என்று எழுதிய இடத்தில்
கை நின்றது.
ஒரு கேள்விக்குறி போட்டேன்.

முதலில் பெயர் வைக்க வந்தவர்கள்
உலகத்து ஆமைகளையெல்லாம்
ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள்.
சாக்கு கனத்தது, அவிழ்த்தார்கள்.
சருகு போல் தலை,
கழுத்தோரம் கந்தல்,
மூக்கிருக்கும் இடத்தில் ஊதுகுழல்.
இதற்குத் தனிப் பை வேண்டும் என்றார்கள்.
உயிருள்ளது அந்தப் பையில்
இருநூறு வருடம் ஒன்றே ஒன்று.
போன சில வருடங்களில்
இரத்தத்தைப் படித்தவர்கள் சொன்னார்கள்:
ஒன்றல்ல, இரண்டு.
அமேசானில் கறுத்தது, ஒரினோகோவில் வெளுத்தது.
ஆமைகள் ஆட்சேபிக்கவில்லை.
சேற்றில் கிடந்தபடி
மீன் அருகில் வந்ததும்
தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சின.

இந்தப் பக்கம்?
இப்போது ஒன்றுமில்லை.
மலை எழுந்தது, ஆறுகள் பிரிந்தன.
அந்தப் பாகப்பிரிவினையில்
எங்களுக்கு வந்தது ஓடு.
பெரும்பாலும் பாதி ஓடு.
பாதியின் விளிம்பு.
ஒரு கோடியே சொச்சம் வருடங்களை
பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அர்ஹெமீரோ வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"கதவு நிற்கலை, தெயானீரா.
மூணு குட்டி போச்சு. என் கல்லைக் குடு."
"அது கல் இல்லை" என்றேன்.
"ஒன்பது வருஷம் கல்லு வேலைதானே பாத்துது?"

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.
ராத்திரி முழுக்க உட்கார்ந்து
பிளாஸ்டரில் அச்சு வார்த்தேன்,
ஒவ்வொரு தழும்பும் விடாமல்.
சாம்பல் சாயமும் பூசினேன்.
வாங்கிக்கொண்டு போனார், நன்றி சொல்லாமல்.

பத்து நாள் கழித்து மறுபடியும்.
"ஆடுங்க நக்கியே தீர்த்துடுச்சு.
செங்கல் வச்சுட்டேன், விடு."
சட்டைப்பையிலிருந்து
செய்தித்தாளில் சுற்றியதை எடுத்தார்.
தொட்டிக்கு அடியில் இருந்ததாம்.
"உன்னோடதுகூடச் சேருதா பாரு."

வைத்துப் பார்த்தேன். சேரவில்லை.
அவரே வாங்கித் திருப்பினார்,
விளிம்பை நகத்தால் வருடினார்,
வெளிச்சத்தில் சாய்த்தார்.
இதில் திமில் சப்பை.
தழும்புகள் தள்ளித் தள்ளி.
மின்விசிறி நாலைந்து சுற்று சுற்றியது.

"இது வேற ஆளு" என்றார் அர்ஹெமீரோ,
தொப்பியைக் கழற்றி
என் சீட்டுகளின்மேல் வைத்துவிட்டு.