தனித்து நின்ற உம்

முதல் நாள் போன செய்தி இது:
['அல்சூர்', 'மர்பி டவுன்', 'ஜோகுபாளையா', 'ஈஜிபுரா']
கெஞ்சப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
"என்னம்மா இது, ஊருக்கெல்லாம் முள்வேலி போட்டிருக்க?
நாளைக்குத் தண்ணி எங்கெங்கன்னு
ஜனங்க படிக்க வேணாமா?"

ஹென்னூர் மெயின் ரோடு.
ஒன்பது டேங்கர், ஒரு போர்வெல்,
மாலை ஏழுக்கு மேல் நான்.
சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும்வரை
திரையில் எழுத்தெல்லாம் லேசாக நடுங்கும்.

அடைப்புக்குறிகளை உரித்தேன்.
மேற்கோள் குறிகளை
மத்தி மீனில் முள் எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக.
பிறகு ஜாயின். ஒரே வரி வேலை.
கன்னடச் செய்திக்குக் கடைசிப் பெயருக்கு முன்னால்
ஒரு 'மத்து' போதும்.
ஆங்கிலத்துக்கும் ஒரு ஆண்ட்.
தமிழ்தான் ஒப்பவில்லை.
வரிசையில் நிற்கும் எல்லோருக்கும்
ஆளுக்கொரு உம் கேட்டது.

பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதி
அங்கேயே விட்டுவந்த எண்ணும்மை.
இரவு பதினொன்றரைக்கு அதற்கு விதி எழுதினேன்:
ர் வந்தால் ரும்.
ன் வந்தால் னும்.
ஆவில் முடிந்தால் நடுவே ஒரு வ்.
டேனரி ரோடு வந்தால்
உகரம் தானே எழுந்து இடம் கொடுக்கும், ரோடும்.

*அல்சூரும் மர்பி டவுனும் ஜோகுபாளையாவும் ஈஜிபுராவும்.*

கெஞ்சப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
"ஈக பர்வாகில்ல" என்றார்.

வியாழக்கிழமை செய்தி:
*அல்சூரும் மர்பி டவுனும் உம் டேனரி ரோடும்.*

நடுவில் ஓர் உம்.
கதை கேட்கிற ஆள் இருட்டில் போடுவதுபோல.
பார்த்ததும் புரிந்துவிட்டது எனக்கு:
புக்கிங் ஷீட்டில் மூன்றாவது கட்டம் காலி.
காலியாக இருந்தால் தள்ளிவிடு என்று
ஒரு நிபந்தனை, அவ்வளவுதான்.
தட்டினேன். ஓட்டினேன்.
வரி சுத்தமாக வந்தது.

குழாயை லாரியில் மாட்டிவிட்டு
சவரிராஜ் உள்ளே வந்தார், கையில் போன், பழைய செய்தி.
"இன்னிக்கு இந்த உம்முக்கு நான்தான் போறேன்."
"அது தப்புண்ணே. அப்படி ஒரு ஏரியாவே இல்ல."
"பேருதான் இல்ல.
கெத்தலஹள்ளி தாண்டி, பதினாலு மாடி எழுப்புறாங்கல்ல,
அதுக்குப் பின்னாடி தகர ஷெட்டு.
ராய்ச்சூர்க்காரங்க எழுபது பேரு.
நம்ம திருப்பத்தூர் பக்கம் நாலு குடும்பம்.
ஏரியா என்னன்னு கேட்டான் நம்ம புக்கிங் பையன்,
மேஸ்திரி தெரியாதுன்னுட்டாரு."

திரையைத் திருப்பி
நான் சுத்தம் செய்ததை அவருக்குக் காட்டவில்லை.

எட்டரைக்குப் போன் வந்தது.
குடங்கள் இடிபடும் சத்தத்துக்கு மேலே
கத்திப் பேசினார் சவரிராஜ்:
"பேரு கேட்டேன்மா.
ஒரு மணி நேரமா சண்டை.
கடைசியில இங்க ஒரு பொண்ணு சொல்லிச்சு,
நீலத்தகரம்னு போடச் சொல்றாங்க.
போடுவியா?"

நிபந்தனையை அழித்தேன்.
காலிக் கட்டத்தில் தட்டினேன்.
ஓட்டினால் வருகிறது: *நீலத்தகரம்உம்.*
ம் என்கிற எழுத்துக்கு நான் விதியே எழுதியிருக்கவில்லை.
ம்-மில் முடியும் ஊர் எதற்கும்
எங்கள் லாரி போனதில்லை;
லிங்கராஜபுரம் வேறு கம்பெனிக்காரனுடையது.

நாற்பத்தோராம் வரி: ம் வந்தால் மும்.

*அல்சூரும் மர்பி டவுனும் நீலத்தகரமும் டேனரி ரோடும்.*
அன்றிரவு அதை
இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன்.
மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

மார்ச்சில் கட்டிடம் முடிந்தது.
தகரங்களை அடுக்கி லாரியில் ஏற்றினார்களாம்.
எந்தப் பக்கம் போனார்கள் என்று
சவரிராஜுக்கும் தெரியவில்லை.
ஷீட்டில் அந்த வரிசையைக் கெஞ்சப்பாவே நீக்கிவிட்டார்.

நாற்பத்தோராம் வரி இருக்கிறது.
தினமும் ஒருமுறை எல்லாப் பெயரின் கடைசி எழுத்தையும்
தடவிப் பார்த்துவிட்டு
சும்மா திரும்புகிறது.