நனைத்துவிட்டுக் கூட்டவும்

தலை போன பனை அது,
பரந்தன் பக்கம் ஒரு வளவில்.
மெசின்வாளின் பல்லு மூன்று தரம் உடைந்தது.
உள்ளே இரும்பு.
நாலாம் தரம் பொந்து திறந்தது, இரண்டு குஞ்சு.
ஒன்று விழுந்த இடத்திலேயே செத்தது.
மற்றதைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

கச்சானை மென்று
உதட்டிலிருந்து ஊட்டுவார்.
எனக்கு ஒருநாளும் இப்படி ஊட்டவில்லையே என்று
பகிடியாகத்தான் சொன்னேன்.

ஆவணியில் அது
இறகைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் குந்தியது.
பிறகு இவர்.
டெங்கு என்றார்கள். இல்லை.
வயலுக்குள் இறங்கினீங்களோ, எலிக்காய்ச்சலாக்கும். அதுவும் இல்லை.
பத்தாம் நாள் எக்ஸ்றேயில் நெஞ்சின் ஒரு பக்கம்
பஞ்சு அடைத்த மாதிரி.

மாத்தறையிலிருந்து வந்த சின்ன டொக்டர்
தமிழை ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்து,
"வீட்டில... கிளி இருக்கா?" என்று கேட்டா.
ஒக்சிசன் மாஸ்க்குக்குள் இவர் சிரித்தார்:
"இது கிளிநொச்சி, டொக்டர்."
அவ சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டா.

காய்ந்த எச்சம் தூளாகி
மூச்சோடு உள்ளே போகுமாம்.
பக்டீரியா.
பங்கருக்குள் வாயில் சீலைத்துண்டு கட்டி
எவ்வளவு தூசி தின்ற மனிசன்.
கடைசியில் ஒரு கூட்டுக்குள் இருந்த தூசி.

மிருக வைத்தியர் எழுதித் தந்தார்:
மருந்து சோற்றில், நாற்பத்தைந்து நாள்.
வாயால் ஊட்டக்கூடாது.
கூட்டை நனைத்துவிட்டுக் கூட்டவும்.
"கழுத்தைத் திருகிப் போட்டால் முடிஞ்சுது" என்றான் தம்பி குகநேசன்.
நான் வாளியில் தண்ணி அள்ளப் போனேன்.

முருகா சொல்லு, அக்கா சொல்லு என்று
அவர் மாதக்கணக்காய்ப் பழக்கியும்
ஒரு சொல் வரவில்லை அதுக்கு.
வந்தது இருமல்.
அவருடைய இருமல். கடைசியில் ஒரு செருமலும் சேர்த்து.
அவர் வார்ட்டில் கிடந்த முதல் இரவு
நான் எழும்பிப் போய்
சுடுதண்ணி வைத்துவிட்டேன்.
கேத்தில் கூவுகிறபோதுதான்
கட்டில் வெறுமை என்று தெரிந்தது.

இப்போது வந்துவிட்டார். மெலிவுதான்.
கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்துக்கு
றிப்போட் இன்னும் வரவில்லை.
கூட்டடிக்குப் போகக்கூடாது என்றிருக்கிறேன்,
தூர நின்று விசிலடிக்கிறார்.

நேற்றிரவும் இருமியது.
இருட்டில் கையை நீட்டி
அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன்.
ஏறியது, இறங்கியது.
வெளியே இன்னொரு தரம், செருமலோடு.

இன்னும் பன்னிரண்டு நாள் மருந்து இருக்கிறது.