இரண்டு நாற்பதுக்கு எழுதிய அளவு

இரவு இரண்டு நாற்பதுக்கு
ஃபுல்வியோ கிராவோஸின் டி-டைமர்
ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.
ஹெபாரினைக் கூட்டச் சொன்னது நான்தான்.
பம்பில் எண்ணை மாற்றும்போது
நிவெஸ் ஒருமுறை கேட்டாள்: இவ்வளவா?
முந்தைய நாள் பதினோராம் படுக்கையில்
நுரையீரலில் ரத்தம் உறைந்து அடைத்து
ஒருவர் பேச்சின் நடுவே போய்விட்டார்.
அவர் முடிக்காத வாக்கியம் என் காதில் இருந்தது.
இவ்வளவுதான் என்றேன்.

திரியெஸ்தேயில் அன்று போரா வீசியது,
மலையிலிருந்து இறங்கி ஆளைத் தூக்கும் காற்று.
முன்பெல்லாம் தெருவோரம் கயிறு கட்டுவார்களாம்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்த மார்ச்சில் எங்களுக்குக் கயிறு இல்லை.
வாரத்துக்கு ஓர் அளவு.
பாதி, முழுசு, எடைக்குத் தக்கபடி,
வெரோனாவிலிருந்து நண்பனின் குறுஞ்செய்திப்படி.

ஃபுல்வியோ இழுவைப் படகுக்காரர்.
எண்ணெய்க் கப்பல்களை வடத்தில் கட்டித்
துறைக்குள் கொண்டுவந்தவர்.
முகமூடிக்குள்ளிருந்து சொன்னார்:
இடது தொடை வலிக்கிறது,
காலை நீட்ட முடியவில்லை.
படுத்தே கிடக்கிறீர்களே, அதனால்தான் என்றேன்.
வார்த்தை மாறாமல் இதைத்தான் சொன்னேன்.

ஐந்து மணிக்கு நிவெஸ் போர்வையை விலக்கினாள்.
விலாவிலிருந்து இடுப்புவரை
கத்தரிக்காய்த் தோலின் நிறம்.
ஹீமோகுளோபின் பதினொன்றிலிருந்து ஆறரை.
வெளியே ஒரு சொட்டு இல்லை.
முதுகுத் தசைக்குள், சத்தமில்லாமல்,
படகின் அடியில் நீர் ஏறுவதுபோல –
அவர் தொழிலிலிருந்தே உவமை வருகிறது, மன்னிக்கவும் –

பம்பை நிறுத்தினேன்.
ஹெபாரின் பன்றிக்குடலிலிருந்து எடுப்பது.
அதை முறிக்கும் புரோட்டமைன்
சால்மன் மீனின் விந்திலிருந்து வந்தது.
மெல்ல, பத்து நிமிடம், நிவெஸ் செலுத்தினாள்.
மீன் பன்றியைப் பிடிக்கும்வரை
இருவரும் திரையைப் பார்த்து நின்றோம்.
நான்கு பை ரத்தம்.
பிறகு கசியும் தமனியை அடைக்கக்
கீழ்த்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
அடைப்புக்குப் பயந்து எழுதிய கைதான்
அடைக்கச் சொல்லியும் கையெழுத்திட்டது.

பிழைத்தார். சொல்லிவிடுகிறேன்.
ஒன்பதாம் படுக்கை மிரெல்லா பிழைக்கவில்லை.
மறுநாள், ஃபுல்வியோவின் விலாவை நினைத்து,
அவளுக்குப் பாதியாகக் குறைத்திருந்தேன்.
அதனால்தானா, தெரியாது.
அதனால் இல்லை என்றும் தெரியாது.

ஜூனில் ஃபுல்வியோ ஊன்றுகோலோடு வந்தார்.
இடது கால் கொஞ்சம் இழுக்கிறது.
எவ்வளவு கொடுத்தீர்கள் என்றார்.
எண்ணைச் சொன்னேன்.
வடத்தை அளப்பதுபோல் இரு கைகளையும் விரித்தார்,
கொஞ்சம் குறுக்கினார், மறுபடி விரித்தார்.
"கப்பலைப் பார்க்காமல்
என்னாலும் சொல்ல முடியாது, டாக்டர்."
கைகள் அப்படியே
சற்று நேரம் காற்றில் நின்றன.