உப்புப் பார்க்காமல்

லைசென்ஸ் எனக்குத்தான்.
பதினெட்டு ஆகாதவர்களுக்குத் தேவையில்லையாம்.
மூன்று நாள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு
மண்புழு டப்பாவைக் காரின் பின்சீட்டில்,
எலுமிச்சைச் சோற்றுக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன்.
கேக்கில் முட்டை உண்டா என்று
விசாரித்துத் தின்கிறவன் நான்.
டார்னீட்டிலிருந்து ஜேமிசன் மூன்றரை மணி நேரம்.
கடைசி வளைவுகளில் வாந்தி வருகிறது என்றாள் உமையாள்.
வரவில்லை.

அவள் அம்மாவுக்குத் தூத்துக்குடி.
இந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
புறப்படும்போது மேல்தட்டிலிருந்து
அந்த வாணலியை எடுத்துக் காரில் வைத்தாள்.
பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்
நானும் அதுவும்.
தொட்டதில்லை.
"எதுக்கு இது?"
"ஒருவேளை பிடிச்சிட்டா?"

சனிக்கிழமை பூராவும்
ஆறு எங்களைக் கண்டுகொள்ளவில்லை.
டென்ட்டின் ஒரு கம்பி வீட்டிலேயே தங்கிவிட்டது.
குடையை விரித்துக் கட்டி ஒப்பேற்றினேன்.
பக்கத்து டென்ட்காரர் காலையில் ஒரு தடவை கையசைத்தார்,
மாலையில் ஒரு தடவை. அவ்வளவுதான்.
தக்கை மிதந்தது.
தக்கை மிதந்தது.
"அப்பா, மீன் தூங்குமா?"
"தெரியாது."
"இமையே இல்லையே, எப்படித் தூங்கும்?"
"தெரியாதும்மா."
நாள் முழுக்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்க
இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ராத்திரி குளிர். ஏதோ ஒன்று
ரொட்டிப் பையைப் பிரித்துத் தின்றுவிட்டுப் போனது.
என் கைமேல் தலைவைத்துத் தூங்கினவளின் விரல்களில்
புழு இருந்த மண்ணின் வாசம்.

ஞாயிறு, ஆறரை மணி.
பல்கூடத் துலக்கவில்லை.
தூண்டில் வளைந்தது.
அவள் சுற்றினாள், விட்டாள், சுற்றினாள்.
நான் வலையைப் பிடித்தேன்,
வலை மட்டும்தான், வேறொன்றுமில்லை என்று
கைகளுக்குச் சொல்லிக்கொண்டே.
ட்ரௌட். பழுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகள்,
ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய ஒரு வட்டம்,
யாரோ அவசரமில்லாமல் உட்கார்ந்து வைத்த மாதிரி.
அளவுகோலில் முப்பத்தொன்று.
சட்டத்துக்குப் போதும்.

விட்டுடலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் அதற்குள் கல் தேடிக்கொண்டிருந்தாள்.
"சீக்கிரம் செய்யணும்ப்பா. இல்லாட்டி அதுக்கு வலிக்கும்.
நீ அந்தப் பக்கம் பாத்துக்கோ."
ஒன்பது வயது.
நான் அந்தப் பக்கம் பார்த்தேன்.
யூகலிப்டஸ் பட்டை உரிந்து ஒரு முழ நீளம் தொங்கியது.
ஒரு சத்தம்.
இரண்டாவது சத்தம் தேவைப்படவில்லை.
"சாரி" என்றாள்,
எனக்கில்லை.

வயிற்றைக் கீறியது நான்.
கத்தியை அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை.
வாணலிக்குள் ஒரு துண்டுக் காகிதம், ஐந்தே வரி.
மூன்றாவது: 'முதுகெலும்பு ஓரமா கட்டைவிரலால வழிச்சு எடு,
பயப்படாத.'
சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
ஆற்றைப் போலவே சில்லென்றிருந்தது.

மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு.
தடவி முடித்த பிறகுதான் உறைத்தது:
உப்புப் பார்க்கவில்லை.
விரல் வாய் வரைக்கும் போய்த்
திரும்பி வந்தது.

அவள் மீனும் நான் எலுமிச்சைச் சோறும்,
ஒரே மரக்கட்டையில் உட்கார்ந்து.
முள்ளை நாக்கால் ஒதுக்கிக்
கடைவாயில் தள்ளித் துப்புகிறாள்.
அந்தச் சாமர்த்தியம் என் பக்கத்தது இல்லை.
"உப்பு?"
"கம்மி."
மென்றாள்.
"அடுத்த தடவை சரியாப் போடு."
வால்பக்கத்தை அம்மாவுக்கென்று
ஃபாயிலில் மடித்தாள். பிறகு பிரித்துக்
கொஞ்சம் தின்றாள். மறுபடி மடித்தாள்.

வாணலியை ஆற்றுமணல் போட்டு நான் தேய்த்தேன்.
நினைத்ததைவிட எடை குறைவு.
கைப்பிடியில் ஒரு திருகு ஆடுகிறது,
எத்தனை வருடமாக ஆடுகிறதோ.
எங்கள் வீட்டில்
ஸ்க்ரூடிரைவர் எந்த டிராயரில் இருக்கிறதென்று
எனக்கு மட்டும்தான் தெரியும்.