இரண்டு உச்சி

சமாதானபுரத்தில் இரும்பு ஆறுவது
காலை நாலு மணிக்குத்தான்.
சித்திரையில் அதற்கு முன்னால் தொட்டால்
சிலிண்டருக்குள் நேற்றைய வெயில் இருக்கும்,
அளவு பொய் சொல்லும்.

ஒற்றை நட்டைக் கழற்றி
டாப்பெட் மூடியை எடுத்தேன்.
எண்ணெய் பூசிய இரண்டு கம்பிகள்
பக்கத்தில் பக்கத்தில்.

புஷ்ராடு என்றால் இவ்வளவுதான்:
கீழே கேம் மேடு தூக்கும்,
மேலே கதவு திறக்கும்.
கம்பி நீளமானால் கதவு சாத்தாது.
கட்டையானால்
தட்டித் தட்டித் திறக்கும், ஊருக்கே கேட்கும்.

இரண்டு விரலால் உருட்டிப் பார்க்கணும்.
சுற்றணும்; மேலும் கீழும் ஆடக் கூடாது.
புகை போகிற பக்கத்துக்கு மட்டும்
சிகரெட் தாள் நுழைகிற இடம், ஒரு பொடி கூட.
ஸ்கேல் கிடையாது, நகக்கண்தான்.
மூன்று ஸ்பானர், இரண்டு கை;
லாக் நட்டை இறுக்குகிற நேரத்தில்
அரை மரை களவு போகும்.
மறுபடி முதலிலிருந்து.

எழுபத்தொன்பது மாடல் புல்லட்.
போர் அடித்து, பிஸ்டன் மாற்றி,
ராக்கர் புஷ் புதிசு;
கடைந்தது மேலப்பாளையம் மீரான்.

ஆறு மணிக்கு மூன்றாவது உதையில் பிடித்தது.
பாத்திரக் கடை சரிந்த சத்தம்.
எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்
கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

கோபம் எனக்கு விரலை விட வேகம்.
மீரானுக்குப் போன்.
சுபுஹு தொழுதுவிட்டு வந்திருப்பான்.
"புஷ்ஷ நூல் கூடக் கடைஞ்சிட்டீரு" என்றேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
"லேத்தைத் தூக்கி எடைக்குப் போடும்" என்றேன்.
"சரி வே" என்றான், வைத்துவிட்டான்.
அந்தச் 'சரி' காதிலேயே கிடந்தது.

ஏழரைக்கு வண்டிக்காரி வந்தாள்.
பொன்மலர், தாலுகா ஆபீஸ் சர்வேயர்.
நாங்குநேரிப் பக்கம் ஒரு வரப்புத் தகராறு,
இரண்டு பங்காளியும் வெயிலில் காத்திருப்பார்களாம்.
வண்டி அலறுவதை நின்று கேட்டாள்.
என் கதையையும் கேட்டாள்:
விரல், மரை, மீரான்.
பிறகு, யாரோ பட்டாவை நீட்டியது போல
முகத்தை வைத்துக்கொண்டு
"எந்தக் கல்லிலிருந்து அளந்தீங்க?" என்றாள்.

எஞ்சினில் ஏது கல் என்று சிரித்தேன்.
பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு தடவை.
ஒரு தடவை இரண்டு கதவும் சாத்தியிருக்கும்,
காற்று உள்ளே நெருக்குண்டு நிற்கும்.
கல் அதுதான்.
மறு தடவை
ஒரு கதவு மூடி முடித்திருக்காது,
அடுத்தது திறக்கத் தொடங்கியிருக்கும்.
வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே உச்சி.
தூக்கக் கண்ணோடு நான்
போகிற புகைக்கும் வருகிற காற்றுக்கும் நடுவில் நின்று
கம்பிகளைச் சுருக்கியிருக்கிறேன்.
கல்லை இடம் மாற்றி நட்டதும் நான்,
பங்காளி மேல் பிராது கொடுத்ததும் நான்.

சரிசெய்யலாம்; ஆனால் இரும்பு சுட்டுவிட்டது.
பொன்மலர் சங்கிலியைத் தோளில் போட்டு
நாங்குநேரி பஸ்ஸுக்கு நடந்தாள்.
பகல் முழுக்க வண்டியைப் பார்க்காத பக்கமாக
உட்கார்ந்து வேறொரு கார்புரேட்டரைக் கழுவினேன்.

மறுநாள் நாலு மணி.
பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டை விரலை வைத்து
கிக்கரை மெல்ல அமுக்கினேன்.
காற்று விரலைத் தள்ளியது.
இங்கே.
கம்பியை நீட்டினேன், உருட்டினேன், இறுக்கினேன்,
களவு போனது, மறுபடி நீட்டினேன்.

இரண்டாவது உதை.
புல்லட் தன் தடித்த குரலில் பேசியது,
அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.
மீரானுக்குப் போன் போட்டு
டாப்பெட் மூடிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"என்ன வே, ஒண்ணும் தட்டலயே?"

"அதக் கேக்கத்தான் போட்டேன்" என்றேன்.
அடுத்த வார்த்தை நாக்கில் உருண்டது,
வெளியே வரவில்லை.

அவன் கொஞ்ச நேரம் எஞ்சினையே கேட்டான்.
பிறகு சொன்னான்:
"எடைக்காரன் வாசல்ல நிக்கான்.
லேத்து கிலோ என்ன வெல சொல்லட்டும்?"