இன்னும் கொஞ்சம் சாய்ங்க

பஞ்சர் என்று தெரிந்தது ஞாயிறு காலை ஏழரைக்கு.
அயனாவரத்தில் அந்நேரம் திறந்திருப்பவை
கறிக்கடைகள், கோயில், சர்ச்.
ஓட்டேரிக் கடைக்காரர் போனில் சொன்னார்:
'தள்ளிட்டு வந்தா டியூப் நார்நாரா போயிடும்மா,
வீலை மட்டும் கழட்டி எடுத்தா.'

எடுத்தா.
கொடியிலிருந்து துப்பட்டா எடுப்பதுபோல.

நைட்டியைத் தூக்கிச் செருகி உட்கார்ந்தேன்.
சென்டர் ஸ்டாண்டில் ஸ்ப்ளெண்டர்.
அதன் சீட் உயரத்தில், சுவரில்,
வெள்ளம் வந்துபோன வருடத்தின் பழுப்புக் கோடு.

பிரேக் ராடின் நட்டு கையாலேயே வந்தது.
ஸ்பிளிட் பின் வரவில்லை.
துருப்பிடித்த அந்தத் துளிக் கம்பிக்கு
அரை மணி நேரமும் ஒரு நகமும் கொடுத்தேன்.
பெரிய நட்டில் ஸ்பேனரை மாட்டி
அதன்மேல் ஏறி நின்றேன்.
டாக்டர் குறைக்கச் சொல்லும் எழுபத்தொரு கிலோவும்
முதல் தடவையாக உதவிக்கு வந்தது.

அச்சை உருவியதும்
எதுவோ 'ணங்' என்று விழுந்து உருண்டது.
கவனிக்கவில்லை.
சக்கரம் இறங்கி உட்கார்ந்தது, வெளியே வரவில்லை.
மட்கார்டு மறிக்கிறது.
வண்டியைச் சாய்க்க ஓர் ஆள் வேண்டும், உருவ ஓர் ஆள்.
என்னிடம் இருந்தது ஓர் ஆள்.

சர்ச்சுக்கு வெள்ளைச் சட்டையில் புறப்பட்டு வந்தார்
கீழ்வீட்டு எபினேசர்.
தண்ணீர் மோட்டார் பில்லில்
நூற்றெண்பது ரூபாய் கணக்கு இடித்து
எட்டு மாதமாகப் பேச்சில்லை.
பார்த்தார்.
பைபிளை மீட்டர் பெட்டியின் மேல் வைத்தார்.
ஹேண்டில்பாரில் ஒரு கை, கேரியரில் ஒரு கை.

'சாய்ங்க.'
எட்டு மாதத்தில் முதல் சொல்.
'இன்னும் கொஞ்சம் சாய்ங்க.'
இரண்டாவது வாக்கியம்.
சக்கரம் வந்துவிட்டது.

பஸ்ஸில் சக்கரம் என் மடியில்.
கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.
'லேடீஸ் ஃப்ரீ. இது லேடீஸா?'
பக்கத்து சீட் கீரைக்காரம்மா
'தெனம் தூக்கிச் சுமக்குதில்ல, பின்ன என்ன ஆம்பளையா?' என்றாள்.
ஆனாலும் லக்கேஜ் கிழித்தார்.
வாங்கி, ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் செருகினேன்.
டிக்கெட் அதனுடையது.

ஓட்டேரிக்காரர் குறடால் பிடுங்கிக் காட்டினார்.
'மெட்ரோ ஆணி. இந்த மாசம் பதினேழாவது.'
ரயில் இன்னும் வரவில்லை,
அதற்குள் என் வண்டியில் ஏறிவிட்டது.

திரும்பும்போது எபினேசர் கேட்டருகில் நின்றிருந்தார்.
எனக்காக என்று சொல்லவில்லை.
சாய்த்தார். நுழைத்தேன்.
ரப்பர்களின் பள்ளத்தில் பல் உட்கார ஓர் உதை.
டயருக்கடியில் என் செருப்பு ஒன்றைக் கொடுத்து
ஓட்டையும் ஓட்டையும் நேராக வர, அச்சு போனது.
நட்டு, புது ஸ்பிளிட் பின், பிரேக் ராடு.
எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு,
சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.

தெற்கே ஒரு தடவை, வடக்கே ஒரு தடவை
தலையாட்டிக்கொண்டே சுற்றியது.

எபினேசர் தொண்டையைச் செருமினார்.
சட்டைப் பையில் கைவிட்டு நீட்டினார்:
கட்டைவிரல் பருமனில் ஒரு புஷ்.
'காலைல வாசப்படிகிட்ட கெடந்துச்சு.
உங்களுதுதானே?'

காலை ஆராதனை முழுக்க
அவர் நெஞ்சருகே பிரசங்கம் கேட்டிருக்கிறது
என் வண்டியின் புஷ்.

மறுபடி பிரேக் ராடு, மறுபடி பின், மறுபடி எழுபத்தொரு கிலோ.
இந்தத் தடவை சாய்க்க வேண்டியதில்லை.
ஆனாலும் வண்டியைப் பிடித்தபடி நின்றார்.
நானும் விடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை.
என் இடத்தில் வழக்கம்போல் அவர் ஸ்கூட்டர்.
நூற்றெண்பது ரூபாய் அப்படியே இருக்கிறது.
மொட்டைமாடிக் கொடியில், தலைகீழாக,
இரண்டு கிளிப்பில் அந்த வெள்ளைச் சட்டை.
பையில் மட்டும், எத்தனை தடவை துவைத்தார்களோ,
போகாமல்
கறுப்பாக ஒரு வட்டம்.